டூர் போய் வந்த படங்களை என்ன செய்வது? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் படம் பிரிண்ட் போடுவதும் பழைய படங்களை ஸ்கேன் எடுத்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பிச்சாவரம் போய் வந்தவரும் பாரிஸ் போய் வந்தவரும் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தினமும் வாயால் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தோம். போனில் தொள்ளாயிரம் படம் கிடக்கிறது. சொந்தக்காரர்களுக்கு எத்தனை அனுப்பலாம்?

முப்பது. அதற்கு மேல் போனால் யாரும் பார்ப்பதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு கைதட்டல் பொம்மையைப் போட்டுவிடுவார்கள்.

எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பத்துமலை முருகன் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 42.7 மீட்டர் உயரம், 2006-ல் திறந்தது. தமிழ்நாட்டிலிருந்து மலேசியா போன அத்தனை பேர் போனிலும் அதே கோணத்தில் இருக்கிறது. அதில் ஒன்று போதும். ஆனால் அந்த 272 படியில் பாதி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்ட உங்கள் மாமாவும், அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த குரங்கும் இருக்கும் படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதை வையுங்கள்.

கண் மூடிய படம், கை ஆடிய படம் எல்லாவற்றையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். எல்லோரும் விறைப்பாக நின்ற படத்துக்கு அடுத்த நொடியில், 'சரி முடிஞ்சுது' என்று கலைந்து சிரிக்கும்போது எடுத்த படம்தான் பிரிண்ட் போடும்போது நன்றாக வரும். இது என் முப்பதாண்டுத் தொழில் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? எனக்கு எழுத வராது.

எந்த ஊர், எந்த வருஷம், யார் யார். இந்த மூன்றும் கட்டாயம். நான்காவதாக, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான். 'மறக்க முடியாத தருணம்' என்று மட்டும் எழுதாதீர்கள். பத்து வருஷம் கழித்து அது எந்தத் தருணம் என்று உங்களுக்கே தெரியாது.

பிச்சாவரத்துப் படத்துக்கு 'இயற்கையின் மடியில்' என்று எழுதிக் கொண்டுவந்தார் ஒருவர். என்ன நடந்தது என்று கேட்டேன். துடுப்புப் படகில் போனார்களாம். சுரபுன்னை வேர்கள் தாழ்வாக இறங்கியிருந்த ஓடைக்குள் நுழையும்போது படகுக்காரர் குனியச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் குனிந்தார்கள், அத்தை மட்டும் 'எனக்கு இடுப்பு வலி, நீ படகைக் குனிய வை' என்றாராம். அதையே அப்படியே எழுதுங்கள் என்றேன். இப்போது அந்த வீட்டில் அந்தப் படத்துக்குத்தான் மவுசு.

புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்திலிருந்து இரண்டு பழைய படங்கள் ஸ்கேனுக்கு வந்தன. பிரெஞ்சு ராணுவத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க அந்தக் காலத்தில் நிறையப் பேர் இந்தோசீனா, அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், போனார்கள் அல்லவா, அந்த வழிக் குடும்பம். முதல் படத்தில் நான்கு ஆண்கள் ஒரு கடை வாசலில் நிற்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் இப்படி இருந்தது: 'சைகோன், 1951. மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்த அன்று. நடுவில் காரைக்கால் ஆள், நூறு பியாஸ்தர் பாக்கி.' அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, வந்தவர்கள் கடையிலேயே நின்று பேசித் தீர்த்தார்கள். கடன் திரும்பி வந்ததா, காரைக்கால் ஆள் யார், தாத்தாவுக்கு அவ்வளவு பணம் ஏது என்று. இரண்டாவது படம் இன்னும் அழகு. கோட்டு, சங்கிலிக் கடிகாரம், பின்னால் ஸ்டூடியோ திரை. பின்பக்கம் ஒன்றும் இல்லை. அது தாத்தாவா, தாத்தாவின் தம்பியா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

பிரிண்டின் பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் ஓரமாக எழுதுங்கள். பழைய தடித்த தாளுக்கு மெல்லிய பென்சில் போதும். இப்போதைய லேப் தாளில் பென்சில் பிடிக்காது. சிடியில் எழுதும் மெல்லிய மார்க்கரால் எழுதிவிட்டு, காயும் வரை அடுக்காமல் வையுங்கள். பால்பென் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு தெரியும்.

வாட்ஸாப்பில் அனுப்பினால் படம் மங்கிப்போகிறதே, ஏன்?

அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'எச்டி' என்று தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் சுருங்கும். பிரிண்ட் போடவேண்டிய படம் என்றால் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தது எடுத்தபடி வரும். 2 ஜிபி வரை போகும்.

ஒரு விஷயம். டாக்குமென்டாக அனுப்பும்போது படத்துக்குள் பதிவாகியிருக்கும் இருப்பிடமும் கூடவே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால் வீடு எங்கே இருக்கிறது என்பதும் போகிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் அப்படி அனுப்புங்கள்.

ஐபோன்காரர்கள் கொண்டுவரும் 'எச்இஐசி' கோப்புகள் பழைய கம்ப்யூட்டரில் திறக்காது. கேமரா செட்டிங்கில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் ஜேபெக்காக வரும்.

டூர் போன ஊரில் இருக்கும்போதே ஸ்டேட்டஸ் போடலாமா?

வீட்டில் ஆள் இருந்தால் போடுங்கள். பூட்டிவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்து போடுங்கள். தாஜ்மகால் இரண்டு நாள் கழித்தும் அங்கேயேதான் இருக்கும்.

ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் விரித்துப் பிடித்து ஒரு படம் போடுகிறார்களே, அதை மட்டும் எப்போதும் போடவேண்டாம். போர்டிங் பாஸில் உள்ள பார்கோடில் பெயரும் பிஎன்ஆர் எண்ணும் இருக்கிறது. பல விமான நிறுவனங்களில் அந்த இரண்டும் தெரிந்தாலே உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாம்.

பிரான்சில் இருக்கும் அக்கா குடும்பத்துக்குப் புதுச்சேரிப் படம் அனுப்பவேண்டும். எதையெல்லாம் எடுப்பது?

மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் வேண்டாம். அது அவர்களுக்கு இணையத்திலேயே கிடைக்கும்.

அவர்கள் படித்த பள்ளிக்கூட வாசல், சாமான் வாங்கிய கடை, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் விரித்துப் போடும் சந்தை, குபேர் அங்காடியில் மீன் வெட்டும் இடம், தமிழ்ப் பகுதியில் திண்ணையோடு மிச்சமிருக்கும் வீடுகள். இவற்றை எடுங்கள். கடற்கரைச் சாலையை எடுப்பதென்றால் காலையில் போங்கள். கடல் கிழக்கே இருப்பதால் விடியற்காலை வெயில் நேராகக் கட்டடங்களின் முகத்தில் விழும். மாலையில் அதே கட்டடங்கள் நிழலுக்குள் போய்விடும், ஆனால் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதால் மனிதர்கள் நிறையக் கிடைப்பார்கள். இரண்டுக்கும் இரண்டு பயன்.

ஆளுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். முகத்தை மட்டும் நெருக்கி எடுக்கும் பழக்கம் போன் வந்த பிறகு அதிகமாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் புதிதாகக் கட்டியது. பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. 'அந்தப் பாலத்துப் படம் ஏதாவது இருக்கிறதா' என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஆல்பத்தைப் புரட்டினார்கள். கல்லூரி நண்பர்களோடு எடுத்த குரூப் போட்டோவில் தோள்களுக்கு நடுவே தெரிந்த கொஞ்சம் பாலம்தான் பலருக்குக் கிடைத்தது. நம் பக்கமும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதற்கு முன்னால் தாத்தா வீட்டுத் தோப்பில் எடுத்த விடுமுறைப் படங்கள் இப்போது வேறு மதிப்பில் இருக்கின்றன.

எங்கெல்லாம் படம் எடுக்கக் கூடாது?

கோயில்களில் முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை கொண்டுவரச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கெடுபிடி கோயிலுக்குக் கோயில் மாறும். கருவறையை எடுக்க எங்கும் முயலாதீர்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதிப் பக்கம் எடுக்கக் கூடாது. ஆரோவில் மாத்ரிமந்திரை வெளியே பார்வை இடத்திலிருந்து எடுக்கலாம், உள்ளே கேமராவுக்கும் போனுக்கும் இடமில்லை. தாஜ்மகாலில் கல்லறை இருக்கும் உள்மண்டபத்திலும், வாட்டிகன் சிஸ்டைன் சிற்றாலயத்திலும் தடை உண்டு.

எடுக்க முடியாத இடத்தைப் பற்றி வெளியே வந்து நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். டூர் போய் வந்தவர்கள் ஆல்பத்தில் எனக்குப் படிக்கப் பிடித்தவை பெரும்பாலும் அந்தப் பக்கங்கள்தான்.

தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவர்களை எடுத்தேன். திட்டினார்கள். தப்பா?

அவர்கள் வேலை நேரத்தில், கேட்காமல் எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். அங்கே சில்வர் பீச்சுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதையே செய்கிறார்கள். கரையில் கொஞ்ச நேரம் நின்று, இன்றைக்கு என்ன மீன் பட்டது என்று கேட்டுவிட்டு, 'அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா' என்று கேளுங்கள். முடிந்தால் அடுத்த முறை போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களை எல்லோரும் எடுக்கிறார்கள், யாரும் கொடுப்பதில்லை.

அடுத்தவர் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பொதுவில் போடாதீர்கள். வெளிநாட்டில் இதற்குச் சண்டையே வரும்.

அப்பாவின் பழைய ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டன. உரிக்கலாமா?

பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கினால் கீழே கோடு கோடாகப் பசை இருக்குமே, அந்த வகை ஆல்பம்தானே? எண்பது, தொண்ணூறுகளில் கல்யாணப் பரிசாக வீட்டுக்கு வீடு வந்தது. படத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. பசை மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கிவிடும்.

உரிப்பதற்கு முன் பக்கத்தை முழுசாக ஸ்கேன் எடுங்கள் அல்லது போனில் நேர் மேலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்தாலும் ஒரு நகல் இருக்கும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் அதில் பதிவாகிவிடும், அதுவும் ஒரு தகவல்தான். பிறகு, பல் இடுக்கில் விடும் நூல் மருந்துக்கடையில் கிடைக்கும், மெழுகு தடவாததாக வாங்கி, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்துங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஃப்ரேம் கண்ணாடியில் முகம் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்கலாம்.

மேக்ஸி சைஸ் படம், அதாவது 4x6, என்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்து எடுங்கள். 2400க்கு 3600 புள்ளிகள் வரும், இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும். நெகட்டிவ் இருந்தால் அதையும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். பிரிண்டில் இல்லாதது நெகட்டிவில் இருக்கும்.

வீட்டுப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதா என்று நினைக்கவேண்டாம். பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமே பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு செய்திருக்கிறது.

வெள்ளத்தில் ஆல்பம் முழுக்க நனைந்துவிட்டது. போனது போனதுதானா?

இல்லை. கடலூரில் கடை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2015 மழையிலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருகியபோதும், பிளாஸ்டிக் பையில் சேறும் ஆல்பமுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் விஷயம், வெயிலில் காயப்போடாதீர்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். நனைந்தால் ஊதி, ஒன்றோடொன்று பிசின்போல ஒட்டும். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால்தான் ஆபத்து. ஆகவே ஒட்டிய படங்களை அப்படியே ஒரு தாம்பாளத்தில் சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாக விடும். இழுக்காதீர்கள். விட்டதும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசுங்கள், படத்தின் மேல் விரல் தேய்க்கவேண்டாம், சேறு தண்ணீரோடு போகட்டும். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்க, பழைய வேட்டித் துணியின் மேல் பரப்பி, மின்விசிறி மெதுவாக ஓட விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நெகட்டிவ்களை அலசிவிட்டுக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடலாம்.

இரண்டு நாளுக்குள் இதைச் செய்துவிடவேண்டும், அதற்கு மேல் பூஞ்சை பிடிக்கும். வீடே தண்ணீரில் நிற்கும்போது யாருக்கு நேரம் இருக்கும்? அப்போது கரண்ட் உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டு ஃப்ரீசரில், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் கெடாது. பிறகு ஆற அமர எடுத்து அலசலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்ட படத்துக்கு மட்டும் இந்த வைத்தியம் உதவாது, பலவற்றில் மை கரைந்துவிடும். அலசாமல் அப்படியே உலர்த்துங்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஆல்பத்தைத் தரைமட்ட அலமாரியிலிருந்து மேல் பரணுக்கு ஏற்றிவிட்டால் இதெல்லாம் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம், வெக்கையில் நிறம் போகும்.

பாட்டிக்கு எழுத வராது. ஆனால் காசி போன கதை எல்லாம் சொல்வார். எப்படிச் சேமிப்பது?

படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனில் குரல் பதிவைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். 'கதை சொல்லுங்க பாட்டி' என்றால் வராது. 'இது யாரு, ஏன் இவங்க மூஞ்சி தூக்கி வெச்சிருக்காங்க' என்று கேளுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு பதிவாக நிறுத்தி, கோப்புக்குப் படத்தின் பெயரையே வைத்துவிடுங்கள். டிவியை அணைத்துவிட்டுச் செய்யவும், இல்லையென்றால் பாதி சீரியல் வசனம்தான் பதிவாகும்.

கேமராப் படமும் போன் படமும் சேர்த்தால் வரிசை குழம்புகிறது. ஏன்?

வெளிநாடு போனதும் போன் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், கேமரா மாற்றாது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பிரான்சு குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். இறங்கியதும் கேமராவில் மாற்றுங்கள். மறந்திருந்தால் கம்ப்யூட்டரில் எல்லாப் படத்தின் நேரத்தையும் ஒரே அடியாக நகர்த்த முடியும், கடைக்குக் கொண்டுவந்தால் செய்து தருகிறோம்.

எங்கே சேமித்து வைப்பது?

இரண்டு இடத்தில். ஒன்று வீட்டில் ஹார்டு டிஸ்க், இன்னொன்று வேறு ஊரில் அல்லது இணையத்தில். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-க்குப் பிறகு அளவில்லாமல் இலவசம் இல்லை. ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். பென்டிரைவை மட்டும் நம்பவேண்டாம்.

நான் எடுத்த படத்தை யாரோ விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். கேட்க முடியுமா?

முடியும். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே உரிமை. படம் வெளியான பிறகு 60 ஆண்டு அது நீடிக்கும். காசு கொடுத்து ஆளை வைத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். சுருக்கப்படாத மூலக் கோப்பு உங்களிடம் இருப்பது நல்ல சான்று, அதை அழிக்காதீர்கள்.

பயணத்தைப் பற்றி நீளமாக எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

'அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து குளித்து' என்று தொடங்காதீர்கள். எல்லோரும் நான்கு மணிக்குத்தான் எழுகிறார்கள். ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் தெரியாததை எழுதுங்கள். என்ன வாசனை, என்ன விலை, படம் எடுத்தவர் யார், ஏன் ஒருவர் மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறார். செலவுக் கணக்கு எழுதிய சின்ன நோட்டை வைத்திருந்தால் அதுவே பாதிக் கட்டுரை.

டிவியில் போட்டுக் காட்டினால் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்களே?

கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். வரிசையாக விளக்கம் சொல்லிக்கொண்டே போகாமல், ஒரு படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பார்ப்பவர் யாராவது 'இது எங்கே' என்று கேட்பார், அதிலிருந்து பேச்சு தொடங்கட்டும். அவர்களும் தங்கள் பழைய பயணத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், தடுக்காதீர்கள். கரண்ட் போய்விட்டால் காட்ட, பத்துப் படமாவது பிரிண்ட் போட்டு வைத்திருங்கள். இது வியாபாரத்துக்காகச் சொல்வதும்தான்.